படம் பேசாது, பக்கத்தில் நிற்பவர் பேசுவார்

1854 ஜனவரி. ஆப்பிரிக்காவில், சாம்பேசி ஆற்றின் மேல்பகுதியில் பலோண்டா மக்களின் நாடு. அங்கே ஷிந்தே என்ற தலைவரின் ஊருக்கு, ஸ்காட்லாந்து மிஷனரியும் பயணியுமான டேவிட் லிவிங்ஸ்டன் வந்து சேர்ந்திருந்தார். அவருடைய சாமான்களில் ஒரு மேஜிக் லாந்தரும் இருந்தது. கண்ணாடித் தகட்டில் உள்ள சித்திரத்தை விளக்கொளியால் பெரிதாக்கித் திரையில் விழவைக்கும் கருவி அது. அதைப் பார்க்க ஷிந்தேவுக்கு மிகுந்த ஆவல். ஆனால் லிவிங்ஸ்டன் காய்ச்சலில் கிடந்ததால் சில நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் ஓர் இரவு காட்சி நடந்தது. முதல் படம், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியை ஓங்கி நிற்பது. உருவங்கள் ஆள் உயரத்துக்குத் தெரிந்தன. பெண்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த படத்துக்காகத் தகட்டை நகர்த்தியதும் அந்தக் கத்தி தங்களை நோக்கி வருவதுபோல் தோன்ற, "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். 1857இல் வெளிவந்த தன் பயண நூலில் லிவிங்ஸ்டன் இதை எழுதினார். இங்கிலாந்தில் படித்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது அந்த ஓட்டத்தைத்தான்.

ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஷிந்தே கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்தபின் எழுந்து வந்து அந்தக் கருவியை ஆர்வத்தோடு ஆராய்ந்து பார்த்தார். இதில் மந்திரம் எதுவும் இல்லை என்று ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் விளக்குவது தன் வழக்கம் என்றும் லிவிங்ஸ்டன் சொல்கிறார். ஓடிய பெண்களைவிட, கருவியின் அருகே வந்து நின்ற ஷிந்தேதான் எனக்கு முக்கியமானவராகப் படுகிறார். படத்தைப் பார்ப்பது வேறு, படம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது வேறு. காலனி ஆட்சிக் காலத்துப் படச் சொற்பொழிவுகளின் வரலாறு முழுக்க இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மேஜிக் லாந்தர் 19ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல. டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659 வாக்கிலேயே அதை உருவாக்கிவிட்டார். நெடுங்காலம் அது பேய் பிசாசு காட்டும் வேடிக்கைப் பொருளாகத்தான் இருந்தது. எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் சின்ன அறைக்குமேல் காட்ட முடியாது. அதை மாற்றியவை இரண்டு. ஒன்று சுண்ணாம்பு ஒளி. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரைச் சுண்ணாம்புக் கட்டியின் மேல் பாய்ச்சினால் அது கண் கூசும் அளவுக்கு வெண்மையாக ஒளிரும். ஆயிரம் பேர் அமரும் மண்டபத்துக்கும் அந்த வெளிச்சம் போதும். வாயு நிரப்பிய பைகளின் மேல் எடைக்கற்களை வைத்து அழுத்தி, வெடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளத் தேர்ந்த ஆள் வேண்டும். இரண்டாவது, புகைப்படத்தையே கண்ணாடியில் ஏற்றும் முறை. பிலடெல்பியாவின் லாங்கன்ஹைம் சகோதரர்கள் 1850ஐ ஒட்டி அதைச் செய்து காட்டினார்கள். பிரிட்டனில் மூன்றேகால் அங்குலச் சதுரத் தகடு பொது அளவாகிவிட்டது. அப்புறம் சிலைடு எனப்படும் இந்தத் தகடுகள் பெட்டி பெட்டியாக ஊர் ஊராகப் போகத் தொடங்கின. பலவற்றுக்குக் கையால் வண்ணமும் தீட்டப்பட்டது.

இந்தச் சிலைடுகளை விற்கவும் வாடகைக்குக் கொடுக்கவும் தனி வியாபாரமே உண்டானது. ஒரு நாட்டைப் பற்றிய ஐம்பது அறுபது படங்கள், எந்தப் படத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அச்சிட்ட ஒரு சிறு புத்தகம், இரண்டும் சேர்ந்து வரும். பாதிரியாரோ பள்ளி ஆசிரியரோ அதை வாங்கி வந்து, குச்சியால் தரையைத் தட்டி அடுத்த படத்துக்குச் சைகை காட்டி, வரிவரியாக வாசித்துவிடலாம். அந்த நாட்டை அவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

புத்தகம் படிப்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், ஒரு படத்தின் மூலையில் நிற்பவர் யார் என்று ஐந்து நிமிடம் யோசிக்கலாம். லாந்தர் கூட்டத்தில் அதற்கு வழியில்லை. அறை இருட்டு, வெளிச்சம் படத்தில் மட்டும். படம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அதில் எதைப் பார்க்க வேண்டும், அதற்கு என்ன பொருள் என்று எல்லாவற்றையும் ஒரே குரல் தீர்மானிக்கிறது. படத்தில் இருக்கும் மனிதருக்குக் குரல் இல்லை. அவர் அங்கே இல்லை, பெரும்பாலும் அவருடைய பெயரும் இல்லை. புகைப்படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை ஊன்றியிருந்த காலம் வேறு. ஆகவே பேசுபவரின் கருத்தும் கண்ணால் கண்ட உண்மை போலவே மனத்தில் பதிந்தது.

சரி, அந்தக் குரலுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? அங்கேதான் அறிஞர் கழகங்கள் வருகின்றன.

பாரிஸில் 1821இல் புவியியல் கழகம் அமைந்தது. பெர்லினில் 1828இல், லண்டனில் 1830இல். லண்டன் கழகம் தொடங்கிய மறு ஆண்டே, 1788 முதல் ஆப்பிரிக்காவுக்கு ஆட்களை அனுப்பிவந்த ஆப்பிரிக்கச் சங்கத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிற்பாடு ராயல் புவியியல் கழகம் என்று பெயர் பெற்ற இதன் உறுப்பினர்களில் பேராசிரியர்கள் குறைவு. தரைப்படை, கடற்படை அதிகாரிகள், காலனி நிர்வாகிகள், வணிகர்கள், நேரமும் பணமும் உள்ள பயணிகள் ஆகியோரே அதிகம். ஒருவர் தூர தேசம் போய்வந்தால் கழகத்தின் மாலைக் கூட்டத்தில் கட்டுரை வாசிப்பார். பிறகு கலந்துரையாடல், கழக இதழில் அச்சு, புதிய வரைபடம், பதக்கம், அடுத்த பயணத்துக்கு நிதி. இந்தச் சுற்றுக்குள் வந்தது அறிவு. வராதது வெறும் செய்தி.

சில இரவுகளில் இது திருவிழாவாகவும் மாறியது. ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியபோது, 1890 மே மாதம் கழகம் தன் கூட்டத்தை ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அதே ஸ்டான்லிதான் அதற்கு முன் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்காகக் காங்கோ ஆற்றங்கரையில் நிலையங்கள் அமைத்து, உள்ளூர்த் தலைவர்களிடம் ஒப்பந்தங்கள் பெற்றுத் தந்தவர். லியோபோல்டு தன் திட்டத்தைத் தொடங்கியதும் ஓர் அறிவுக் கூட்டத்தில்தான். 1876 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் புவியியல் மாநாடு கூட்டி, பல நாட்டு ஆய்வாளர்களையும் கழகத் தலைவர்களையும் தன் அரண்மனையில் தங்கவைத்தார். அறிவியலும் அடிமை வணிக ஒழிப்பும்தான் நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, காங்கோ அவருடைய தனிச் சொத்து போன்ற ஆட்சிப் பகுதியாகிவிட்டது.

யார் பேசலாம் என்பதற்கு நயின் சிங் ராவத்தின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. குமாவூன் மலைப்பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். திபெத்துக்குள் ஐரோப்பியர் நுழைய முடியாது என்பதால், இந்திய நில அளவைத் துறையின் மாண்ட்கோமரி 1863 வாக்கில் அவரை டேராடூனுக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். ஒவ்வொரு அடியும் ஒரே நீளத்தில் இருக்கும்படி நடக்கப் பழகினார். ஜெபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள், நூறு அடிக்கு ஒரு மணி தள்ள வேண்டும். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் அளவுக் குறிப்புகள். இப்படி நடந்தே 1866இல் லாசாவை அடைந்தார். நகரத்தின் இருப்பிடத்தையும் உயரத்தையும் கணக்கிட்டார், திபெத்தில் பிரம்மபுத்திராவின் மேல்பகுதியான சாங்போ ஆற்றின் நீண்ட பகுதியை அளந்தார்.

அந்தப் பயணத்தின் அறிக்கை 1868இல் ராயல் புவியியல் கழகத்தின் இதழில் வந்தது. கட்டுரையாசிரியர் மாண்ட்கோமரி. நடந்தவருக்கு அதில் 'பண்டிட்' என்று மட்டுமே பெயர். ரகசியம் காக்க வேண்டியிருந்தது, அடுத்த பயணத்தில் அவருடைய உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்ற நியாயமான காரணமும் உண்டு. 1877இல் கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கே அளித்தது. அந்தக் கௌரவம் சின்னதல்ல. ஆனால் லாசா எப்படி இருந்தது, பனியில் காலடிகளை எண்ணுவது எப்படி என்று லண்டன் மேடையில் நின்று அவர் சொல்லவே இல்லை. அவருடைய கால்கள் தந்த எண்கள் அங்கே போய்ச் சேர்ந்தன, அவருடைய குரல் போகவில்லை.

இந்தியாவிலேயே இருந்த கழகங்களிலும் நிலைமை இதுதான். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஏசியாட்டிக் சொசைட்டியைத் தொடங்கியது 1784இல். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று அவர் 1786இல் அறிவித்தது இந்தக் கழகத்தின் ஆண்டு உரையில்தான். அவருக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்தியப் பண்டிதர்கள். ஆனால் முதல் இந்தியர்கள் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது 1829இல். இடையில் 45 ஆண்டுகள். ராஜேந்திரலால் மித்ரா முதல் இந்தியத் தலைவரானபோது 1885 ஆகியிருந்தது.

சென்னையில் 1812இல் மெட்ராஸ் இலக்கியக் கழகம் அமைந்தது. அதே காலத்துச் சென்னையில்தான், தெலுங்கும் தமிழும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816இல் எழுதினார். கல்கத்தா அறிஞர்கள் சொன்னதற்கு நேர் எதிரான முடிவு இது. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் அவரோடு வேலைசெய்த பட்டாபிராம சாஸ்திரி போன்றவர்கள் இல்லாமல் எல்லிஸ் அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. இன்று 'திராவிட மொழிக் குடும்பம்' என்றால் கால்டுவெல்லை நினைக்கிறோம், கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் எல்லிஸை நினைக்கிறார்கள். பட்டாபிராம சாஸ்திரியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெண்களுக்கும் இந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. ராயல் புவியியல் கழகம் 1892-93இல் 22 பெண்களை உறுப்பினராக ஏற்றது. இசபெல்லா பேர்ட் பிஷப் அவர்களில் ஒருவர். உடனே எதிர்ப்பு கிளம்பி, மேற்கொண்டு பெண்களைச் சேர்ப்பது நின்றுபோனது. எதிர்த்தவர்களில் முன்னணியில் இருந்தவர் பிற்பாடு இந்தியாவின் வைஸ்ராயான கர்சன். 1913இல் கழகம் பெண்களை முழுமையாக ஏற்றுக்கொண்டபோது அதன் தலைவராக இருந்தவரும் அதே கர்சன்தான்.

லாந்தரையும் இந்தக் கழகங்கள் உடனே வரவேற்றுவிடவில்லை. படம் காட்டுவது குழந்தைகளுக்கும் ஞாயிறு பள்ளிக்கும் உரியது, அறிவார்ந்த சபைக்கு ஆகாது என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. ஆனால் 1886இல் ராயல் புவியியல் கழகம் ஜான் தாம்ஸன் என்ற பயணப் புகைப்படக்காரரைப் பயணிகளுக்குப் புகைப்படக்கலை கற்பிக்கும் ஆசிரியராக அமர்த்தியது. 1890களில் சிலைடு இல்லாத மாலைக் கூட்டம் அரிதாகிவிட்டது. வேடிக்கைக் கருவிக்கு அறிஞர் கழகத்தின் முத்திரை கிடைத்தது இப்படித்தான். அரசாங்கம் அதைக் கையில் எடுக்க அதிக நாள் ஆகவில்லை.

1902இல் பிரிட்டிஷ் காலனி அலுவலகம் ஒரு குழுவை அமைத்தது. காட்சி வழிக் கல்விக் குழு என்று தமிழில் சொல்லலாம். பேரரசின் பல மூலைகளில் உள்ள பிள்ளைகளுக்குப் பிரிட்டனையும், பிரிட்டன் பிள்ளைகளுக்குப் பேரரசையும் லாந்தர் படங்கள் வழியே அறிமுகப்படுத்துவது திட்டம். உரைகளை எழுதும் பொறுப்பை ஏற்றவர் ஹால்ஃபோர்ட் மேக்கிண்டர். ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் கற்பித்தவர். யூரேசியாவின் உட்பகுதியை ஆள்பவரின் கையில்தான் உலக அரசியலின் அச்சு இருக்கும் என்ற புகழ்பெற்ற கருத்தை 1904 ஜனவரியில் ராயல் புவியியல் கழகக் கூட்டத்தில் முன்வைத்தவரும் அவரே. ஒருவர் தன் மனக்கண்ணில் உலகத்தைக் காணப் பழகினால்தான் பேரரசின் குடிமகனாகச் சிந்திக்க முடியும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

முதலில் இலங்கை, நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பகுதிகள்), ஹாங்காங் ஆகிய இடங்களின் பள்ளிகளுக்காகப் பிரிட்டனைப் பற்றி ஏழு உரைகள் தயாராயின. அடுத்து, பிரிட்டன் மாணவர்களுக்குக் காட்டப் பேரரசின் படங்கள் வேண்டும். அதற்காக ஹியூ ஃபிஷர் என்ற ஓவியரைக் கேமராவும் வண்ணப்பெட்டியுமாக 1907இல் கப்பலேற்றினார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் நாடு நாடாகச் சுற்றினார். புறப்படுமுன் மேக்கிண்டர் அவருக்குக் கொடுத்த அறிவுரையின் சாரம் இது: இரண்டு வகைப் படங்கள் வேண்டும். ஒன்று, நாட்டுக்கும் மக்களுக்கும் இயல்பாக உள்ள அடையாளங்கள். மற்றொன்று, பிரிட்டிஷ் ஆட்சி அவற்றின் மேல் கொண்டுவந்து சேர்த்தவை.

இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோயில், படித்துறை, ஏர், சந்நியாசி எல்லாம் முதல் பெட்டி. பாலம், ரயில், பள்ளி, மருத்துவமனை எல்லாம் இரண்டாம் பெட்டி. அப்படியானால் ரயில் பாதைக்கு மண் சுமந்தவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், வழக்கறிஞர் அங்கி போட்டு உயர்நீதிமன்றத்தில் வாதாடிய இந்தியர் ஆகியோரை எந்தப் பெட்டியில் வைப்பது? அவர்களுக்கு இடம் இல்லை. படம் எடுப்பதற்கு முன்பே, எது படமாகும் என்பது முடிவாகிவிட்டது. ஃபிஷர் கெட்ட எண்ணத்தோடு போனார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டவற்றை நேர்த்தியாகத்தான் பதிவு செய்தார். ஆனால் கண்ணுக்கு ஒரு சட்டகம் முன்கூட்டியே போட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது.

1910இல் இந்தியாவைப் பற்றிய எட்டு உரைகள் அச்சில் வந்தன. அவற்றின் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே போதும். சென்னை, இந்து மதம். பர்மா, பௌத்த மதம். வங்காளம், பருவமழை. ஐக்கிய மாகாணங்கள், 1857 கலகம். பம்பாய், மராத்தியர். ராஜபுதனம், சிற்றரசுகள். டெல்லி, முகமதிய மதம். வடமேற்கு எல்லை, சீக்கியர். ஒரு நிலத்துக்கு ஒரு விஷயம். வங்காளம் என்றால் மழை! 1905இல் அந்த மாகாணத்தைக் கர்சன் இரண்டாகப் பிரித்து, அதை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சென்னை மாகாணத்தில் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரம் அந்த 1910இல் சிறையில் இருந்தார். அந்த மாகாணத்துக்கான தலைப்பு இந்து மதம். தலைப்பில் உள்ளவை பொய் என்று சொல்ல முடியாது. கோயில்களும் உண்மை, பருவமழையும் உண்மை. ஒரு நாட்டை அன்றைய அரசியல் விலகிநின்ற காட்சிப் பொருளாக வரிசைப்படுத்த இப்படி உண்மைகளே போதுமாயிருந்தன.

ஃபிஷரின் படங்கள் இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. நாம் இன்று அவற்றை நேரம் எடுத்துப் பார்க்கலாம், ஓரத்தில் நிற்பவரை உற்றுக் கவனிக்கலாம். குச்சியால் தட்டி அடுத்த படத்துக்குப் போகச் சொல்ல இப்போது யாரும் இல்லை.

இதே லாந்தர் ஒரு பேரரசனுக்கு எதிராகவும் திரும்பியது. லியோபோல்டின் காங்கோவில் ரப்பர் சேகரிக்கக் கிராமங்களுக்கு அளவு விதிக்கப்பட்டது. அளவு குறைந்தால் கம்பெனிக் காவலர்கள் மனைவி மக்களைப் பிணையாகப் பிடித்தார்கள், சுட்டார்கள். செலவழித்த தோட்டாவுக்குக் கணக்காக வெட்டிய கைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். 1904 மே மாதம் பாரிங்கா என்ற இடத்தில் இருந்த மிஷன் வீட்டுக்கு நிசாலா என்பவர் ஓர் இலைப் பொட்டலத்தோடு வந்தார். அதற்குள் இருந்தவை அவருடைய சின்ன மகளின் வெட்டப்பட்ட கையும் காலும். மிஷனரி ஆலிஸ் சீலி ஹாரிஸ் அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். நிசாலா கேமராவைப் பார்க்கவில்லை. தன் முன்னே தரையில் கிடப்பவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தில் அலறல் இல்லை, அசைவு இல்லை. நான் பார்த்த புகைப்படங்களில் இவ்வளவு அமைதியான, இவ்வளவு தாங்க முடியாத வேறொன்று இல்லை.

அந்த ஆண்டுதான் பத்திரிகையாளர் எட்மண்ட் மோரல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். காங்கோவில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் அங்கு நடந்த கொடுமைகள் பற்றி எழுதிய அறிக்கையும் 1904இல் வெளியாகியிருந்தது. ஆனால் அறிக்கைகளைப் படித்தவர்கள் சிலரே. ஆலிஸும் அவர் கணவர் ஜான் ஹாரிஸும் பிரிட்டன், அமெரிக்க நகரங்களில் நூற்றுக்கணக்கான லாந்தர் கூட்டங்கள் நடத்தினார்கள். பிராட்ஃபோர்டின் ரைலி சகோதரர்கள் நிறுவனம் அறுபது சிலைடுகளும் அச்சிட்ட உரையும் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. தேவாலயக் கூடங்களிலும் நகர மண்டபங்களிலும் மக்கள் அந்தப் படங்களைப் பார்த்தார்கள், கடைசியில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். தன் ஆட்சியைப் புகழ்ந்து எழுதப் பத்திரிகைகளுக்குப் பணம் கொடுத்துவந்த லியோபோல்டால் இந்தப் படங்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. 1908 நவம்பரில் காங்கோ அவர் கையைவிட்டு பெல்ஜிய அரசின் கைக்குப் போனது.

இந்த வெற்றியைக் குறைத்துப் பேசக் கூடாது. அதனால் உயிர்கள் பிழைத்தன. ஆனாலும் லாந்தர் கூட்டத்தின் அமைப்பு இங்கேயும் மாறவில்லை. மேடையில் பேசியவர்கள் ஐரோப்பியர்கள். காங்கோ மக்கள் திரையில் இருந்தார்கள், காயங்களாக. உரை லியோபோல்டின் ஆட்சியைத் தாக்கியது, காலனி ஆட்சி என்ற ஏற்பாட்டைத் தாக்கவில்லை. நல்ல ஆட்சியாளரும் நேர்மையான வணிகமும் கிறிஸ்தவமும் வந்தால் போதும் என்பதே கேட்டவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்ற முடிவு. நிசாலாவின் பெயராவது நமக்குக் கிடைத்தது ஆலிஸ் அதைக் குறித்துவைத்ததால்தான். அந்தக் காலத்துப் பெரும்பாலான சிலைடுகளில் 'ஒரு பூர்வகுடி' என்ற அளவோடு குறிப்பு நின்றுவிடும்.

அப்படியானால் கருவியின் அருகே வந்து பார்த்த ஷிந்தேக்கள் என்ன செய்தார்கள்?

மேடையைக் கைப்பற்றுவது லாந்தருக்கு முன்பே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பீட்டர் பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், பாதிரிமார் வாராவாரம் மக்கள் முன் நின்று பேசும் முறையை உள்ளிருந்து பார்த்தவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது. பாட்டுக்கு உரை சொல்லும் பழைய முறையிலிருந்து விலகி, உரைநடையில் ஒரு பொருளைப் பற்றிப் பொதுமக்களுக்குப் பேசும் வழக்கம் தமிழில் இப்படி வேர்பிடித்தது. நாவலரின் சாதிப் பார்வையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எதிராளியின் ஆயுதத்தின் பொறிமுறையைப் புரிந்துகொண்டவர் அவர் என்பதில் சந்தேகம் இல்லை.

பம்பாயை அடுத்த கல்யாணில் பட்வர்தன் குடும்பத்தார் 1890களில் தாங்களே லாந்தர் செய்து, தாங்களே வரைந்த தகடுகளால் புராணக் கதைகளைக் காட்டத் தொடங்கினார்கள். வங்காளத்தில் சுதேசி இயக்கத்தார் கிராமங்களுக்கு லாந்தர் எடுத்துப் போனார்கள். 1920களில் காதி இயக்கத்தார் ராட்டினத்தையும் நெசவாளரையும் சிலைடுகளில் காட்டி ஊர் ஊராகப் பேசினார்கள். மேக்கிண்டரின் முதல் பெட்டியில் வைத்திருக்கக்கூடிய அதே கைராட்டினம்தான். ஆனால் இப்போது பக்கத்தில் நின்று பேசுபவர் வேறு, எதிரே உட்கார்ந்திருப்பவர் வேறு. பழமையின் அடையாளமாக இருந்த பொருள், நாளைக்கு என்ன செய்யலாம் என்பதற்கான அழைப்பாக மாறிவிட்டது.

ஜகதீஷ் சந்திர போஸ் நேராக லண்டன் மேடைக்கே போனார். 1897 ஜனவரி 29 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளி மாலைச் சொற்பொழிவில், மின் அலைகள் பற்றித் தான் கல்கத்தாவில் செய்த கருவிகளைக் கொண்டு சோதனை காட்டிப் பேசினார். ஃபாரடே பேசிய மேடை அது. இருபது ஆண்டு கழித்து, 1917இல், கல்கத்தாவில் தன் ஆய்வு நிலையத்தைத் திறந்தபோது ஆய்வுக்கூடத்தோடு சுமார் 1500 பேர் அமரும் விரிவுரை மண்டபத்தையும் கட்டினார். அங்கே கண்டுபிடிப்பது எல்லாம் முதலில் பொதுமக்கள் முன் சொல்லப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஆனால் இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். கல்கத்தாவில் ஹோமியோபதி வைத்தியம் செய்தவர். இந்தியர் பணத்தில், இந்தியர் நிர்வாகத்தில், அரசின் பிடி இல்லாமல் ஓர் அறிவியல் கழகம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதியும் கேட்டும் நன்கொடை திரட்டி, 1876இல் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். செயிண்ட் சேவியர் கல்லூரியின் பாதிரியார் லஃபோன், சோதனைகள் செய்து காட்டி அறிவியல் பேசுவதில் வல்லவர். அவர் அங்கே வந்து பேசினார், சர்க்காரும் பேசினார். வேறு அறிஞர்களும் பேசினார்கள். ஆனால் முழுநேர ஆய்வாளர்களை அமர்த்தப் பணம் சேரவில்லை. விரிவுரைகளுக்குமேல் கழகம் வளரவில்லை என்ற மனக்குறையோடு சர்க்கார் 1904இல் இறந்துபோனார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1907இல், சென்னையிலிருந்து நிதித்துறை வேலைக்குக் கல்கத்தா வந்திருந்த இளைஞர் ஒருவர் பௌபஜார் வழியே போகும்போது அந்தக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே போனார். சி.வி.ராமன் என்று பெயர். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் தனக்கு வேலைசெய்ய இடம் கிடைக்குமா என்று கேட்டார். உள்ளே ஒரு விரிவுரை மண்டபமும், சர்க்கார் சேர்த்துவைத்த கருவிகளும் இருந்தன. அவற்றை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்கள்.